வழியை மறந்த கணினிகள்: மலையகத்திலிருந்து ஒரு சிறு வரலாறு

கொழும்பிலிருந்து மலையேறிய அகலப் புகையிரதப் பாதை 1884ஆம் ஆண்டில் ஹற்றனையும், அடுத்த ஆண்டில் நானுஓயாவையும் வந்தடைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை இன்னொரு பாதை போடப்பட்டது. முதலாவது பாதை ஐந்தரை அடி அகலம். இரண்டாவது இரண்டரை அடி. ஆகவே சிறு பாதையில் வந்த தேயிலைப் பெட்டிகள் நானுஓயாவில் இறக்கப்பட்டு, பெரிய வண்டிக்கு மாற்றப்பட்ட பின்னரே கொழும்புத் துறைமுகம் நோக்கிப் போக முடிந்தது. தண்டவாளம் இருந்தது, வண்டி இருந்தது, சரக்கும் இருந்தது. ஆயினும் இடையில் ஆட்கள் நின்று மாற்றி ஏற்றாவிட்டால் ஒரு பெட்டித் தேயிலையும் நகராது. அந்தச் சிறு பாதை 1940களில் மூடப்பட்டு, இன்று பழைய வரைபடங்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

கணினி உலகிலும் இப்படி மாற்றி ஏற்றும் வேலையைச் செய்யும் ஒரு சிறு மென்பொருள் உண்டு. கணினிக்காரர்கள் அதனை ‘டிரைவர்’ என்பார்கள். எங்கள் மலைநாட்டில் டிரைவர் என்றால் கொழுந்து லொறி ஓட்டுபவரே நினைவுக்கு வருவார் என்பதால், தமிழில் வழங்கிவரும் ‘இயக்கி’ என்ற சொல்லையே இங்கு கையாளுகிறேன். இயங்குதளம் ஒரு மொழி பேசுகிறது. கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு அட்டையும் தனக்கென ஒரு மொழி பேசுகிறது. இரண்டுக்கும் இடையில் நிற்பது இயக்கி. அச்சுப்பொறிக்குரிய இயக்கி இல்லையென்றால் அச்சடிக்க முடியாது. ஒலிக்குரியது இல்லையென்றால் பாட்டுக் கேட்க முடியாது. அவை சிறு தொல்லைகள். ஆனால் வலையமைப்பு அட்டைக்குரிய இயக்கி இல்லாமற்போவது வேறு வகை. விடுபட்டுப்போன அந்த இயக்கி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்; இணையத்துக்குப் போவதற்கோ அந்த இயக்கியே வேண்டும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதைப் போன்றது இது.

ஒரு கணினியில் கையால் இயங்குதளத்தை நிறுவும்போது இத்தொல்லை நேர்ந்தால் அது ஒரு மணி நேரத்து வேலை. இருபது கணினிகளுக்கு ஒரே படிமத்திலிருந்து, ஆள் தொடாமல், தானியங்கி முறையில் நிறுவும்போது நேர்ந்தால் இருபதும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும். திரைகள் ஒளிரும், எலி நகரும், எழுத்து விழும், வெளியுலகத் தொடர்பு மட்டும் இராது.

நான் கணினிப் பொறியாளன் அல்லன். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். செய்தி அலுவலகங்களுக்குக் கணினி வந்தபின், பழுது பார்க்க வரும் இளைஞர்களின் தோளுக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன். மலையகத்துப் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் இந்தப் பழுதினைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஏன் மீண்டும் மீண்டும் இங்கே நேர்கிறது என்று தேடியபோது, அதற்கு நாற்பது ஆண்டு வரலாறு ஒன்று இருப்பது தெரிந்தது. அதனைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே அட்டை இருந்த காலம்

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நொவெல் நிறுவனம் ‘என்.ஈ.2000’ என்ற வலையமைப்பு அட்டையை வெளியிட்டது. அதன் அமைப்பு எளிமையானது. தைவானிலும் பிற இடங்களிலும் பல நிறுவனங்கள் அதனைப் பார்த்து மலிவான நகல்களைச் செய்தன. நகல் எந்த நிறுவனத்தினதாயினும் ஒரே இயக்கி பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனமும் த்ரீகொம் நிறுவனமும் சேர்ந்து, இயங்குதளமும் வலையமைப்பு அட்டையின் இயக்கியும் எவ்வாறு உரையாட வேண்டும் என்பதற்கு ஒரு பொது ஒழுங்கை வகுத்தன. ‘என்டிஸ்’ எனப்படும் அந்த ஒழுங்கு, பல மாற்றங்களோடு இன்றும் விண்டோஸுக்குள் வாழ்கிறது.

அந்நாட்களில் அட்டைக்குரிய இயக்கி நெகிழ்வட்டில் அட்டையுடன் கூடவே வரும். அட்டையை வாங்கியவரிடம் வட்டும் இருந்தது. இணையத்தில் தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணம் எவருக்கும் இல்லாதபடியால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் நிலையும் ஏற்படவில்லை.

1990களில் நிலைமை மாறிற்று. இன்டெல் நிறுவனம் 1992இல் ‘பி.சி.ஐ.’ எனும் இணைப்பு முறையை அறிமுகப்படுத்தியது. அம்முறையில் ஒவ்வொரு அட்டைக்குள்ளும் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று செய்த நிறுவனத்தின் எண். மற்றது அட்டையின் எண். இன்டெல் தனக்கெனப் பெற்ற எண் 8086. அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரே அது. 1995இல் வந்த விண்டோஸ் 95, கணினி விழித்தெழும்போது ஒவ்வொரு அட்டையையும் கூப்பிட்டு எண்ணைக் கேட்டு, அதற்குரிய இயக்கியைத் தன் களஞ்சியத்தில் தேடும் முறையைப் பரவலாக்கியது.

மலையகத்தாருக்கு இது புதிய காட்சியன்று. விடியலில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதும், பதில் சொன்னவருக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும் நாம் அறிந்தவையே. எண்ணால் அடையாளப்படுத்துவதும் நமக்குப் பழையதுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டவர்களிடம் ‘டின் டிக்கட்’ எனப்பட்ட தகர வில்லை கொடுக்கப்பட்டது. அதிலே தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும் ஆளைக் குறிக்கும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. எழுத்தறியாத மனிதர் எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதை வழியிலிருந்த அதிகாரிகளுக்கு அந்த வில்லையே சொல்லிற்று. மனிதரை எண்ணாகக் கண்ட அந்த முறையின் கொடுமையைப் பிறிதோரிடத்தில் பேசவேண்டும். இயந்திரத்துக்கு அது பொருந்துகிறது. வில்லையில் உள்ள எண் பதிவேட்டில் இல்லையென்றால் இயந்திரம் களத்திலேயே நின்றுவிடும், வேலைக்கு எடுக்கப்படாது.

நகலெடுக்கும் கலை

கணினிகள் ஒன்றிரண்டாக இருந்தவரை கையால் நிறுவினார்கள். நூற்றுக்கணக்கில் பெருகியபோது, ஒரு கணினியைச் செவ்வையாக அமைத்து, அதன் வன்தட்டை அப்படியே படிமமாக எடுத்து, மற்றவற்றில் பதிக்கும் முறை தோன்றியது. இத்துறையில் பெயர் பெற்றது ‘கோஸ்ட்’ என்ற மென்பொருள். நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில் 1990களின் நடுப்பகுதியில் உருவான அதனை, 1998இல் சைமன்டெக் நிறுவனம் விலைக்கு வாங்கியது. இலங்கையின் கணினிக் கடைகளிலும் ‘கோஸ்ட் அடிப்பது’ என்று ஒரு வினைச்சொல்லே வழங்கும் அளவுக்கு அது பரவிற்று.

படிமத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அது எடுக்கப்பட்ட கணினியின் நினைவுகளையே சுமந்து செல்லும். தாய்க் கணினியில் எந்த வலையமைப்பு அட்டை இருந்ததோ, அதன் இயக்கியே படிமத்தில் இருக்கும். பதிக்கப்படும் கணினியில் வேறு அட்டை இருந்தால், புதிய இயங்குதளம் அதனைக் கண்டுகொள்ளாது.

அடுத்த கட்டம் வலையமைப்பு வழியாகவே நிறுவுதல். இன்டெல் 1990களின் இறுதியில் வகுத்த ‘பி.எக்ஸ்.ஈ.’ எனும் முறையில், வன்தட்டு வெறுமையாக இருந்தாலும் கணினி தன் வலையமைப்பு அட்டை வழியாகச் சேவையகத்தை அழைத்து, அங்கிருந்து நிறுவல் நிரலை இறக்கிக்கொள்ளும். இவ்விடத்திலேதான் பார்ப்பவரை மிகவும் குழப்பும் விந்தை நிகழ்கிறது. வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு கவனிக்க வேண்டுகிறேன்.

தொடக்கத்தில் கணினி சேவையகத்தோடு பேசுவது அட்டையின் நிலைநினைவகத்தில் உறையும் ஒரு சிறு நிரலின் துணையால். அதற்கு இயங்குதளத்தின் இயக்கி தேவையில்லை. நிறுவல் நிரல் இறங்கி, பொறுப்பைத் தன் கையில் எடுத்தவுடன் பழைய சிறு நிரல் ஒதுங்கிவிடுகிறது. இனிப் பேசவேண்டியது நிறுவல் நிரலின் சொந்த இயக்கி. அது இல்லையென்றால், எந்தக் கம்பி வழியாக நிறுவல் நிரல் வந்து சேர்ந்ததோ அதே கம்பி செத்துப்போகிறது. ‘இப்போதுதானே இதன் வழியாக வந்தது, இதற்குள் என்ன ஆயிற்று?’ என்று பார்ப்பவர் திகைப்பார். கம்பியை மாற்றுவார், மின்னிணைப்பை மாற்றுவார். குற்றம் அங்கே இல்லை. வந்த வழியை, வந்து சேர்ந்தவனே மறந்துவிட்டான்.

விண்டோஸ் 2000 உடன் மைக்ரோசொப்ட் அறிமுகப்படுத்திய தொலைநிறுவல் சேவையில் இந்தப் பழுதுக்கென்றே ஒரு செய்தி எழுதி வைக்கப்பட்டிருந்தது. நீங்கள் தெரிவுசெய்த இயங்குதளப் படிமத்தில் உங்கள் வலையமைப்பு அட்டைக்குரிய இயக்கிகள் இல்லை. வேறு படிமத்தை முயன்று பாருங்கள். பழுது தொடர்ந்தால் உங்கள் நிர்வாகியை அணுகுங்கள் என்பது அதன் சாரம். நிர்வாகி என்று ஒருவர் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் அலுவலகங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட வாசகம் அது. மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு தோட்டப் பாடசாலையில் அந்த வரியைப் படிக்கும் ஆசிரியை யாரை அணுகுவார்?

களஞ்சியம் உறைந்துபோகும்

2001ஆம் ஆண்டு ஒக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது. அதன் வட்டில் இருந்த இயக்கிகள் அன்றுவரை சந்தைக்கு வந்த அட்டைகளுக்கானவை. தைவானின் ரியல்டெக் நிறுவனத்தின் 8139 எனும் எண்ணுடைய மலிவான அட்டை எங்கும் நிறைந்திருந்த காலம் அது. எக்ஸ்பி அதனை உடனே அறிந்துகொண்டது. ஆனால் எக்ஸ்பி ஓராண்டு ஈராண்டில் மறையவில்லை. 2014 ஏப்ரல் வரை மைக்ரோசொப்டின் ஆதரவோடு வாழ்ந்தது. அதற்கிடையில் தாய்ப்பலகைகளிலேயே பதிக்கப்பட்டு வந்த புதிய கிகாபிற் வலையமைப்புச் சில்லுகள் எவற்றையும் அந்தப் பழைய வட்டு அறியாது. 2001இன் வட்டினை 2007இன் கணினியில் இட்டவர்களுக்கெல்லாம் வலையமைப்பு இல்லாத இயங்குதளமே கிடைத்தது.

விண்டோஸ் 7 காலத்தில் பூட்டு இரண்டாயிற்று. இன்டெல் 2015இல் வெளியிட்ட ஆறாம் தலைமுறைச் செயலிகளுக்கான தாய்ப்பலகைகளில் யு.எஸ்.பி. இணைப்புகள் புதிய முறைக்கு மாறின. விண்டோஸ் 7இன் மூல வட்டில் அம்முறைக்கான இயக்கி இல்லை. வலையமைப்புச் சில்லுக்கான இயக்கியும் இல்லை. வேறு கணினியில் இயக்கியை இறக்கிப் ‘பென்’ டிரைவில் கொண்டுவந்தாலும், அதனைச் செருகும் துளையையே இயங்குதளம் அறியவில்லை. பல கணினிகளில் விசைப்பலகையும் எலியும்கூட இயங்கவில்லை. விண்டோஸ் 10 வந்தபின்னும் கதை முடியவில்லை. அதன் முந்தைய வெளியீடுகள், பின்னர் பரவிய இரண்டரைக் கிகாபிற் வேகச் சில்லுகளை அறியாதிருந்தன.

லினக்ஸ் பக்கம் நிலைமை வேறு. அங்கே இயக்கிகளிற் பெரும்பாலானவை கருவகத்தோடு சேர்ந்தே வருகின்றன. ஆகவே பழைய கம்பிவழி அட்டைகள் எவ்விதத் தொல்லையுமின்றி இயங்கிவிடுகின்றன. கம்பியில்லா வை-பை அட்டைகளிலேதான் சிக்கல். அவற்றுட் பலவற்றுக்கு இயக்கியோடு, அட்டைக்குள் ஏற்றவேண்டிய ‘ஃபேர்ம்வெயர்’ எனும் கோப்பும் தேவை. அக்கோப்புகள் கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதால் டெபியன் போன்ற குழுக்கள் கொள்கை காரணமாக அவற்றை நிறுவல் வட்டில் சேர்க்காமல் வைத்திருந்தன. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பின் மூலம் அம்முடிவை மாற்றினார்கள். 2023 யூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அவை நிறுவல் வட்டிலேயே கிடைக்கின்றன. கொள்கை உறுதி பெரிதா, முதல் நாளிலேயே இணைப்புக் கிடைப்பது பெரிதா என்ற நீண்ட விவாதம் அவ்வாறு ஒரு முடிவுக்கு வந்தது.

இலங்கையிலேயே இதுபற்றிச் சிந்தித்தவர்கள் இருந்தார்கள். கண்டியின் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கிய ‘ஹந்தான லினக்ஸ்’, ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு இந்நாட்டில் உருவான வெளியீடு. இணையத் தொடர்பு இல்லாதவர்களையும் மனத்திற்கொண்டு, வேண்டிய மென்பொருள்களை வட்டிலேயே நிறைத்துக் கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இணைப்பு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் ஒரு பொருளை வடிவமைப்பது எப்படி என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

மலையகத்தில் ஏன் அடிக்கடி?

2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அமைந்தது. உலக வங்கியின் துணையுடன் ‘இ-சிறிலங்கா’ திட்டம் தொடங்கி, கிராமங்கள்தோறும் ‘நெனசல’ எனும் அறிவு நிலையங்கள் திறக்கப்பட்டன. 2014இல் அத்திட்டம் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருதைப் பெற்றது. பாடசாலைகளுக்கும் கணினிக் கூடங்கள் வந்தன. அரசு கொடுத்தது போக, தொழிற்சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள், பழைய மாணவர்கள், கடல் கடந்த உறவினர்கள் என்று பலரும் கணினிகளை அனுப்பினார்கள்.

இங்கேதான் மலையகத்தின் தனித்தன்மை இருக்கிறது. கொழும்பில் ஒரு வங்கி இருநூறு கணினிகளை ஒரே நாளில், ஒரே வகையில் வாங்கும். அவற்றுக்கு ஒரு படிமம் போதும். மலையகத்துக் கூடமொன்றில் இருக்கும் பத்துக் கணினிகள் பத்து வழியாக வந்தவை. ஒன்று அமைச்சுக் கொடுத்தது. இரண்டு இலண்டனில் ஓர் அலுவலகம் கழித்துவிட்டது. இன்னொன்று ரொறொன்ரோவிலிருந்து வந்த மடிக்கணினி. படிமம் செய்பவர் மனத்தில் இருப்பது ஒரே இனத்துக் கணினி. நம்மிடம் இருப்பதோ ஒன்றோடொன்று ஒவ்வாத கலப்பு.

ஹற்றன் நகரில் கணினி பழுதுபார்க்கும் ஒரு தம்பி எனக்கு வேறொரு காரணமும் சொன்னார். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் மலைநாட்டில் இடிமின்னல் மிகுதி. மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வலையமைப்புக் கம்பி வழியாகவும் இறங்கும்போது முதலில் கருகுவது தாய்ப்பலகையின் வலையமைப்புத் துளை. கணினியின் மற்றப் பாகங்கள் பிழைத்துக்கொள்ளும். தாய்ப்பலகையை மாற்றப் பணமில்லாதபடியால், கடையில் கிடைக்கும் மலிவான அட்டையொன்றைச் செருகிக் கொடுப்பார்கள்.

“இருபதும் ஒரே மாதிரி வந்திருக்கும் ஐயா. மூன்று இடிமழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் இருபதுக்குள்ளே ஆறு சாதி அட்டை இருக்கும். பழைய படிமத்தைப் போட்டால் எப்படி ஓடும்?” என்றார் அவர்.

எந்த நூலிலும் எனக்குக் கிடைக்காத விளக்கம் அது. வரிசையாக ஒரே நிறத்தில் நிற்கும் கணினிகளை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே நேர்ந்த மாற்றம் தெரியாது.

தமிழ் எழுத்துக்கும் இதே கதிதான் நேர்ந்தது என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் நகர இயலாது. விண்டோஸ் 2000 முதலே யுனிகோட் தமிழுக்கு இடமிருந்தது. எனினும் எக்ஸ்பி காலத்தில் தமிழைச் சரியாகக் காட்டுவதற்குச் சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கோப்புகளைத் தனியாகத் தெரிவுசெய்து, மூல வட்டிலிருந்து நிறுவவேண்டும். படிமத்தைச் செய்தவர் அந்தக் கட்டத்தில் அடையாளமிட மறந்தால், அதிலிருந்து பிறந்த அத்தனை கணினிகளிலும் தமிழ் உருக்குலைந்தே தோன்றும். ஒருவர் ஓரிடத்தில் நினையாமல் விட்டது, பல மைல் தள்ளி நூறு பேருக்கு இல்லாமற்போகிறது. நகலெடுக்கும் முறையின் வலிமையும் அதுவே, ஆபத்தும் அதுவே.

இந்த ஆபத்தினைச் செல்வந்த நாடுகளும் அறியாமல் இல்லை. 2024 யூலை 19ஆம் திகதி ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ எனும் பாதுகாப்பு மென்பொருளின் தானியங்கிப் புதுப்பித்தல் ஒன்று, உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. விழித்தெழவே முடியாத கணினிகளை வலையமைப்பு வழியாகத் திருத்த இயலாது. விமான நிலையங்களிலும் வைத்தியசாலைகளிலும் ஆட்கள் ஒவ்வொரு கணினியாகப் போய்க் கையால் திருத்தினார்கள். தானியங்கி முறை தவறும்போது வேலை மீண்டும் மனிதரின் கைக்கும் காலுக்கும் வந்துவிடுகிறது. அங்கே ஆட்கள் இருந்தார்கள். சில நாட்களில் நிலைமை சீரடைந்தது. ஆட்கள் இல்லாத இடத்தில் அதே வேலைக்கு ஒரு தவணைக் காலம் போய்விடும்.

ஏன் இது சிறு தொல்லையன்று?

க.பொ.த. பரீட்சை முடிவுகள் இணையத்தில் வெளியாகின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இறுதித் திகதி உண்டு. கணினிக் கூடம் ஊமையாய்க் கிடக்கும் தோட்டத்தின் மாணவி, பஸ் ஏறி நகரத்துக்குப் போகவேண்டும். கூடவே தாயோ தகப்பனோ போனால் அவர்களுக்கு ஒருநாட் பேர் போகும். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியில் சமிக்ஞை தேடி மேடுகளில் ஏறி நின்ற பிள்ளைகளை இந்நாடு கண்டது. இணைப்பின் விலை என்னவென்று மலையகத்துக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இப்போது இன்னுமொரு அலை எழுந்திருக்கிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10இற்கான பொதுவான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லையும் ஒப்பீட்டளவில் புதிய செயலியையும் கேட்கிறது. இதனால் மேலைநாட்டு அலுவலகங்கள் நல்ல நிலையிலுள்ள கணினிகளைக் கழித்துவிடுகின்றன. அவற்றுட் சில நன்கொடையாக நம் பாடசாலைகளை நோக்கி வரும். ஏற்கனவே இங்குள்ள பழைய கணினிகளிலும் புதிய இயங்குதளத்தை நிறுவவேண்டி வரும். அதாவது, கலப்படமான கணினிகளில் மொத்தமாக நிறுவும் வேலை மறுபடியும் நடக்கப்போகிறது.

விண்டோஸ் 11 இன்னொரு சிக்கலையும் சேர்த்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு வெளியீட்டிலிருந்து, தனிப்பட்டவர் பாவனைக்கு அதனை அமைக்கும்போது தொடக்கத்திலேயே இணைய இணைப்பையும் மைக்ரோசொப்ட் கணக்கையும் கேட்கிறது. வலையமைப்பு இயக்கி இல்லாத கணினி அந்தத் திரையிலேயே நின்றுவிடும். முன்னர் ஊமையாகவேனும் உள்ளே நுழைய முடிந்தது. இப்போது வாசலே திறப்பதில்லை.

செய்யக்கூடியவை

பல ஆண்டுகளாகக் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றை வரிசைப்படுத்துகிறேன். மலையகத்து ஆசிரியர்களுக்கும் நன்கொடை அனுப்பும் அன்பர்களுக்கும் பயன்படும் என்பது என் நம்பிக்கை.

முதலில் பழுது எது என்று பிரித்தறிய வேண்டும். கணினியின் முகவரியைக் கேட்கும்போது 169.254 என்று தொடங்கும் முகவரி தென்பட்டால் இயக்கி குற்றவாளியன்று. அட்டை உயிரோடிருக்கிறது, அதற்கு முகவரி வழங்கவேண்டிய கருவியிலோ கம்பியிலோதான் கோளாறு. அட்டையே பட்டியலில் இல்லாமல், சாதன முகாமையாளர் பகுதியில் மஞ்சள் நிற வினாக்குறியோடோ வியப்புக்குறியோடோ ஒரு சாதனம் நின்றால் இயக்கியைச் சந்தேகிக்கலாம். அந்தச் சாதனத்தின் விவரத்தைத் திறந்தால் நிறுவன எண்ணும் அட்டை எண்ணும் கிடைக்கும். கணினியின் மேலுறையில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பவேண்டாம். ஒரே பெயருள்ள இரு கணினிகளுக்குள் வெவ்வேறு சில்லுகள் இருக்கக்கூடும். எண் பொய் சொல்லாது.

அடுத்து, அவசரத்துக்கு உதவும் வழி. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியுடன் இணைத்து, இணைப்பைப் பகிரும் வசதியை இயக்கினால், விண்டோஸ் அந்தத் தொலைபேசியையே ஒரு வலையமைப்பு அட்டையாக ஏற்றுக்கொள்ளும். அதற்கான இயக்கி விண்டோஸுக்குள் ஏற்கனவே இருக்கிறது. வேண்டிய இயக்கியை அதன் வழியாக இறக்கிக்கொள்ளலாம். இயக்கியைக் கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தோ சில்லு நிறுவனத்தின் தளத்திலிருந்தோ எடுப்பதே பாதுகாப்பு. எல்லா இயக்கிகளையும் இலவசமாகத் தருவதாகச் சொல்லும் பெயரறியாத் தளங்கள் பல, கூடவே வேண்டாத நிரல்களையும் தந்துவிடும்.

மொத்தமாக நிறுவுபவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இயக்கி இரண்டு இடங்களில் வேண்டும். நிறுவலைத் தொடக்கும் சிறு படிமத்தில் ஒன்று; நிறுவப்படும் இயங்குதளத்தில் ஒன்று. முதலாவதில் இல்லையென்றால் நிறுவல் பாதி வழியில் நிற்கும். இரண்டாவதில் இல்லையென்றால் நிறுவல் முழுமையாக முடிந்து, எல்லாம் நலமென்று காட்டிவிட்டு, தொடர்பு மட்டும் இல்லாமற்போகும். ஒன்றில் சேர்த்துவிட்டு மற்றதை மறப்பதே இத்துறையில் அடிக்கடி நிகழ்வது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பழையதை அழிக்கும் முன் செய்யவேண்டியது. நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 10இலிருந்து, தனியாக நிறுவப்பட்ட இயக்கிகள் அனைத்தையும் ‘டிஸ்ம்’ எனும் கருவியின் ஒரே கட்டளையால் ஒரு கோப்புறைக்குள் வெளியே எடுத்துவிடலாம். ஒரு பென் டிரைவில் அது அடங்கிவிடும். கணினி உயிரோடிருக்கும்போது சில நிமிடங்களில் முடியும் இவ்வேலையைச் செய்யாமல் அழித்துவிட்டால், பிறகு அதற்காக ஒருநாட் பயணம் போகவேண்டி வரும்.

ஒவ்வொரு கூடத்திலும் ஒரு பதிவேடு இருக்கட்டும். கணினி எது, அதன் அட்டை எண் எது, எந்த மழையில் எந்த அட்டை கருகியது, அதற்குப் பதிலாக எது செருகப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதும். செக்றோல் எழுதிப் பழகிய மண்ணில் இது பெரிய காரியமன்று. அந்தக் கொப்பி ஆசிரியரின் அலுமாரிக்குள் பூட்டப்படாமல், கூடத்திலேயே தொங்கவேண்டும். ஆசிரியர் மாற்றலாகிப் போவார். கணினிகள் அங்கேயே இருக்கும்.

கடல் கடந்து வாழும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குக் கணினி அனுப்பும்போது வன்தட்டைத் துடைத்துவிட்டு அனுப்புகிறீர்கள். உங்கள் தரவுகளின் பாதுகாப்புக்கு அது வேண்டியதே. துடைக்கும் முன் அதன் இயக்கிகளை எடுத்து, சிறு பென் டிரைவில் இட்டு, கணினியோடு கட்டி அனுப்புங்கள். வலையமைப்பு அட்டையின் எண்ணை ஒரு தாளில் எழுதி மேலுறையில் ஒட்டுங்கள். அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் அதற்காகும் செலவு மிகச் சிறிது. பெட்டியைத் திறக்கும் நாளிலேயே ஒரு தோட்டத்துப் பிள்ளை தன் பரீட்சை முடிவைத் தானே பார்த்துக்கொள்வதற்கு அது போதும்.